எண்ணெயும் வேண்டாம், மணியும் வேண்டாம்

போன வாரம் பயிற்சி வகுப்பு முடிந்து நான் கிளம்பும்போது உங்களில் ஒரு பெண் ஓடி வந்து கேட்டாள்: "ஐயா, சாகக் கெடக்கறவங்க, செத்த பெறகு என்னா ஆவும்னு நம்மகிட்ட கேட்டா என்னா சொல்றது?" ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். "கூட உக்காந்து ஜெபம் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சாமியாருக்கு உதவியாக உபதேசியார் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, எந்த ஜெபம் எந்தப் பக்கத்தில், அடக்கத்துக்கு எந்தப் பாட்டு என்பதெல்லாம் யாராவது சொல்லித் தருவார்கள். நான் அதற்குள் போகவில்லை. சாமியார் வருவதற்கு முன்னால் சாவு வீட்டுக்குள் நுழைகிறவர்கள் நாம். அவர் போன பிறகும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களும் நாம்தான். சாமியாரிடம் கேட்கத் தயங்குவதையெல்லாம் நம்மிடம் கேட்பார்கள். அதற்குத் தயாராக இருங்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பழைய உபதேசியார் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். "செத்தவங்க எங்கன்னு கேட்டா, 'சாமிகிட்ட இருக்காங்க'ன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத" என்பார். பெரும்பாலான வீடுகளில் அது செல்லுபடியானது. கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போய்விடுவார்கள். நானும் அதையே சொல்லிக் காலத்தை ஓட்டினேன், மதலேனம்மா வீட்டில் மாட்டிக்கொள்ளும்வரை.

மதலேனம்மா எங்கள் கோயில் பங்கில் எல்லாருக்கும் தெரிந்தவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அதாவது சிப்பாய், இறந்து வெகு காலமாகிறது. மகள் தெரேஸ்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். மூத்த மகன் ஜெரார், அப்பாவைப் போலவே பட்டாளத்தில் சேர்ந்து, ஓய்வு பெற்று, பெண்டாட்டி பிள்ளைகளோடு பிரான்சிலேயே தங்கிவிட்டவர். வீடு கோயிலுக்குப் பின் தெரு. கோயிலில் யாராவது இருமினால்கூட அங்கே கேட்கும்.

ஒரு நாள் காலை தெரேஸ் போன் செய்தாள். "உபதேசியாரே, டாக்டர் இன்னிக்கோ நாளைக்கோன்னுட்டாரு. அண்ணன் நேத்தே வந்துட்டாரு. சாமியார் அவஸ்தை பூச வந்தாரு. அம்மா வேணாம்னுட்டாங்க. நீங்க கொஞ்சம் சீக்கிரம் வாங்க."

அவஸ்தை பூசுதல் என்று பெரியவர்கள் சொல்வதைத்தான் நீங்கள் நோயில்பூசுதல் என்று படிக்கிறீர்கள். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பது. தினமும் பூசைக்கு வந்த கிழவி, ஒரு வெள்ளிக்கிழமைகூட ஒருசந்தி விரதம் தவறாத கிழவி, கடைசி நேரத்தில் அதை வேண்டாம் என்கிறாளா? எனக்கு நம்ப முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

போனால், எங்கள் பங்குச் சாமியார் கூடத்தில் ஒரு நாற்காலியில் எண்ணெய்ச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இளம் வயது, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "என்னைப் பாத்ததும் மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க, உபதேசியார். ரெண்டு கையையும் போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டாங்க. வலுக்கட்டாயமா பூசக் கூடாது. நீங்க பேசிப் பாருங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார்.

ஜெரார் கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்துகொண்டிருந்தார். பட்டாளத்து நடை. "அம்மா பெனாத்தறாங்க. மருந்து வேகம்" என்றார். தெரேஸ் அண்ணனை முறைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "பெனாத்தலெல்லாம் இல்ல. தெளிவாத்தான் பேசறாங்க. எண்ணெயும் வேணாம், மணியும் வேணாம், அந்துவான எப்படிப் போட்டீங்களோ அப்படியே என்னையும் போடுங்கன்றாங்க."

இங்கே இரண்டு விஷயம் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

முதலாவது, மணி. எங்கள் பங்கில் யார் இறந்தாலும் துக்க மணி அடிப்போம். உங்களில் பலருடைய கோயில்களில் இப்போது ஒலிபெருக்கியில் பதிவு மணி. எங்களுக்கு இன்னும் கயிறுதான், இழுக்க ஓர் ஆள் இருக்கிறார். மதிய மணியைப் போல அது அவசரப்படாது. ஓர் அடி, அது தேய்ந்து அடங்கிய பிறகு அடுத்த அடி. கேட்டதும் தெருவில் இருப்பவர்கள் வாசலுக்கு வந்து "யாரு?" என்று ஒருவரையொருவர் கேட்பார்கள். யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்கே போய்விடுவார்கள். அதற்காகவே மணிக்கயிற்றின் பக்கத்தில் சாவு வீட்டு ஆள் ஒருவர் நிற்பார். வருகிறவர்களுக்கு இறந்தவரின் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் இது பழைய வழக்கம்.

இரண்டாவது, அந்துவான். மதலேனம்மாவின் இளைய மகன். மீசை சரியாக முளைக்காத வயதில் தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவன். ஏன் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நான் அப்போது இந்தப் பங்கிலேயே இல்லை. அந்தக் காலத்தில் அப்படி இறந்தவர்களுக்குக் கோயிலில் பூசை கிடையாது, மணி கிடையாது. கல்லறையில் மதில் ஓரமாக, ஜெபித்து மந்திரிக்காத மண்ணில் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தச் சட்டம் மாறி எவ்வளவோ காலமாகிறது. அந்த நேரத்தில் இறந்தவருடைய மனம் என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியாது, மற்றவர்களைப் போலவே அடக்கம் செய்து ஜெபியுங்கள் என்று இப்போது கோயிலே சொல்கிறது. ஆனால் சட்டம் மாறிய அன்று யாரும் மதலேனம்மா வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, சட்டம் மாறிப்போச்சு" என்று சொல்லவில்லை.

அந்துவான் விஷக் காய்ச்சலில் போனான் என்றுதான் அவர் புருஷன் உறவுக்காரர்களிடம் சொல்லிவைத்திருந்தார். பழைய ஆட்கள் சிலரைத் தவிர யாருக்கும் உண்மை தெரியாது. கல்லறைத் திருநாளன்று குடும்பமே சொல்தாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றும். மதலேனம்மா மட்டும் ஒரு வர்த்தியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மதில் பக்கம் போய் வருவார். நான் பார்த்திருக்கிறேன். பார்க்காதது போல இருந்திருக்கிறேன்.

உள்ளே போனேன். சின்ன அறை, ஃபேன் சத்தம். அந்த அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூச்சு விட்டு விட்டு வந்தது. நான் நாற்காலியை இழுத்த சத்தம் கேட்டு, திரும்பாமலே பேசினார்.

"உபதேசியாரா?"

"ஆமாம்மா."

"என் சின்னவன் எங்க இருக்கான்?"

கற்றுக்கொடுத்த பாடம் தானாக வாயில் வந்தது. "சாமிகிட்ட இருக்காரும்மா."

அவர் திரும்பினார். உடம்பில் எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியவில்லை. "அன்னிக்கி வேற மாரி சொன்னீங்களே? பூசை இல்ல, மணி இல்ல, அவன் போற எடம் வேறன்னு இதே கோயில்லதான சொன்னாங்க? அது பொய்யா, நீங்க இப்ப சொல்றது பொய்யா?"

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன்.

"என்னை ஏமாத்தாதீங்க உபதேசியாரே. அவன் நரகத்துல கெடந்தான்னா, நான் எண்ணெ பூசிக்கிட்டு மோட்சத்துக்குப் போயி என்னா பண்றது? அவன் இல்லாத மோட்சம் எனக்கு எதுக்கு? அவனுக்கு இல்லாத மணி எனக்கும் வேணாம்." மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போர்வைக்குள் இரண்டு கைகளும் முஷ்டியாக மூடியிருப்பது மேலே தெரிந்தது.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பயந்துதான் வந்தேன், அதைச் சொல்வதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. ஒரு கிறிஸ்தவத் தாய் கடவுளையே வேண்டாம் என்கிற நிலையில் கிடக்கிறாள், நேரம் மணிக்கணக்கில்தான் இருக்கிறது, என் கையில் இருந்த ஒரே பதிலை அவள் தூக்கி என் முகத்திலேயே எறிந்துவிட்டாள்.

ஜெரார் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனார். தெரேஸும் பின்னால் வந்தாள்.

"உபதேசியாரே, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சாகறதுக்கு மொத நாளு தம்பி பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கிட்டான், பழைய சாமியாரே உங்ககிட்ட சொன்னாருன்னு சொல்லிடுங்க. அவரும் இப்ப உயிரோட இல்ல. யாரு வந்து கேக்கப்போறா? அம்மா நிம்மதியாப் போவாங்க."

"ஆமாங்க, சொல்லிடுங்க" என்றாள் தெரேஸ். அவள் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்னால இத பாத்துக்கிட்டிருக்க முடியல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் என்னை ஒரு பெரிய யோக்கியனாக நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொய் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்ல பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். உள்ளே போய் ஒரு வாக்கியம் சொன்னால், சாமியார் எண்ணெய் பூசிவிடுவார், நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம். என்னைத் தடுத்தது ஒழுக்கம்கூட இல்லை. அந்த அம்மாவின் கேள்விதான். 'அது பொய்யா, இது பொய்யா' என்று கேட்டவளிடம் மூன்றாவதாக ஒரு பொய்யைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தச் சாமியாரும் வெளியே சொல்ல மாட்டார் என்பது அவருக்குத் தெரியாதா? கண்டுபிடித்துவிட்டால், அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அந்தக் காதில் ஏறாது.

"முடியாதுங்க" என்றேன்.

ஜெராருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப எதுக்கு வந்தீங்க? எங்க அம்மா நரகம் நரகம்னு பொலம்பிக்கிட்டே சாவணுமா?"

நான் கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினேன். என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். அப்போது யோசித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும், அந்தப் பெண் கேட்டதும் அதைத்தான்.

சாவுக்குப் பிறகு என்ன என்பதைப் பற்றி வேதாகமம் நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் பேசுகிறது. நாம் ஆத்துமாவைக் கூண்டைவிட்டுப் பறக்கிற கிளி மாதிரிப் பாடுகிறோம். வேதாகமமோ முழு மனிதனைப் பற்றிப் பேசுகிறது. மண்ணைப் பிசைந்து கடவுள் மூச்சை ஊதினார், மனிதன் உயிருள்ளவன் ஆனான், மூச்சு போனால் மண்ணுக்குப் போகிறான், ஒரு நாள் உடம்போடு எழுப்பப்படுவான். ஓரிடத்தில் செத்தவர்கள் தூங்குகிறார்கள் என்கிறது. ஓரிடத்தில் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. இயேசு சொன்ன கதையில் ஒரு பணக்காரன் செத்த பிறகு நெருப்பிலிருந்து பேசவும் செய்கிறான். தீர்ப்பு உண்டு, கணக்குக் கொடுக்க வேண்டும் என்று பல இடத்தில் அடித்துச் சொல்கிறது. இதையெல்லாம் ஒன்றாகத் தைத்து ஒரே சட்டையாக்கிவிடுகிற கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்கு அந்தத் திறமை இல்லை. ஆனால் இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டுகிற வேலையை அது உபதேசியாருக்கோ ஊராருக்கோ கொடுக்கவில்லை. தீர்ப்புச் சொல்லும் அந்த நாற்காலியில் இயேசு ஒருவர்தான் உட்காருகிறார். அவர் தன் சிநேகிதன் ஒருவனுடைய கல்லறை முன்னால், இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும், நின்று அழுதவர்.

மறுபடி உள்ளே போனேன். இந்தத் தடவை நாற்காலி வேண்டாம் என்று கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, நான் மொதல்ல சொன்னத விட்டுடுங்க. உங்க சின்னவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியாது."

கதவருகே தெரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன். அன்னிக்கி அவனுக்கு மணி அடிக்கக் கூடாதுன்னாங்களே, அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாரி நடந்துக்கிட்டாங்க."

நான் விடவில்லை.

"வேதத்துல சவுல்னு ஒரு ராஜா இருந்தான். நீங்க கேட்டிருப்பீங்க. சண்டையில தோத்து, தன் வாள் மேலயே விழுந்து செத்தான். எதிரிங்க அவன் ஒடம்ப எடுத்துப்போயி ஊர் மதில்ல மாட்டி வெச்சாங்க. இத கேள்விப்பட்டு, ஒரு காலத்துல அவன்கிட்ட உதவி வாங்குன ஊர்க்காரங்க ராத்திரியெல்லாம் நடந்து போயி, அந்த மதில்லேந்து எறக்கிக் கொண்டாந்து, மரத்தடியில அடக்கம் பண்ணி, நாள் கணக்கா சாப்புடாம துக்கம் கொண்டாடுனாங்க. தாவீது ராஜா அவனுக்கு ஒப்பாரியே பாடுனாரு. அடக்கம் பண்ணவங்கள நல்லா இருங்கன்னு வாழ்த்துனாரு. அந்த மாரி செத்தவனுக்கு ஏன் அழுதீங்கன்னு வேதத்துல யாரும் கேக்கல."

அவர் மெல்லத் திரும்பினார். "ராஜாவுக்கு அழுதாங்க" என்றார். "என் புள்ளைக்கு யாரு அழுதா?"

"நீங்க அழுதீங்க."

"எங்க அழ உட்டாங்க? காய்ச்சல்ல செத்தவனுக்கு அழற மாரி அழச் சொன்னாங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "அன்னிக்கி அவனத் தூக்கிக்கிட்டுப் போன பெறகு நான் இந்த ரூம்லதான் உக்காந்திருந்தேன். மனசு மாறி அடிப்பாங்க, இதோ அடிப்பாங்கன்னு காதக் குடுத்துக்கிட்டே இருந்தேன். மத்தியான மணி அடிச்சது, சாயந்தர மணி அடிச்சது. அவனுக்கு மட்டும் அடிக்கல. தெருவுல ஒருத்தர்கூட யாருன்னு கேக்கல."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு வேண்டியது மோட்சத்தைப் பற்றிய பாடம் இல்லை என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. நான் வெளியே வந்து சாமியாரிடம் கேட்டேன்.

"சாமி, அந்துவானுக்கு இப்ப துக்க மணி அடிக்கலாமா?"

"இப்பவா?" என்றார். "எத்தனையோ வருஷம் ஆயிடுச்சே, உபதேசியார்."

"செத்தவங்களுக்காக ஜெபிக்கிறதுல பழசு புதுசு இருக்குதா சாமி?"

அவர் சிமிழைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். "சட்டத்துல தடை ஒண்ணும் இல்ல. அடிக்கலாம். ஆனா மணி பக்கத்துல குடும்பத்து ஆள் நின்னு பேர் சொல்லணும். அவங்க சம்மதம் இல்லாம நான் செய்ய மாட்டேன்."

எல்லாரும் ஜெராரைப் பார்த்தோம். அவர் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அதெல்லாம் வேணாம். மணி அடிச்சா தெருவே வந்து கேக்கும். இன்னார்க்குன்னு சொன்னா, எப்ப செத்தான், ஏன் இப்ப அடிக்கறீங்க, எல்லாம் வரும். என் பொண்டாட்டி புள்ளைங்களுக்கே நான் காய்ச்சல்னுதான் சொல்லியிருக்கேன். எங்க அப்பா சாவற வரைக்கும் காப்பாத்துன பேரு. அவருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"செத்த அப்பாவுக்குக் குடுத்த வாக்கா, உள்ள கெடக்கற அம்மாவா?" என்றேன். எனக்கு முன்கோபம் உண்டு, இத்தனை வருஷத்தில் அது குறையவில்லை. "முசே ஜெரார், நல்லாக் கேட்டுக்குங்க. ஒங்க அம்மா சொன்னது சொன்னதுதான். அவன் பேர நீங்க இன்னிக்கிச் சொல்லலன்னா, நாளைக்கி ஒங்க அம்மாவுக்கும் மணி கெடையாது, எண்ணெ கெடையாது. அதத் தெருவுக்கு என்னான்னு சொல்லுவீங்க? அதுக்கும் காய்ச்சலா?"

அவர் என்னை அடிக்க வருவார் என்றுதான் நினைத்தேன். வரவில்லை. மேஜைமேல் இருந்த தங்கையின் ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வண்டி கிளம்பித் தெருமுனை திரும்புகிற சத்தம் கேட்டது. தெரேஸ் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். "போயிட்டாருங்க. கோவம் வந்தா இப்படித்தான் பீச் ரோடு போயி ஒக்காந்துப்பாரு. ராத்திரிதான் வருவாரு."

சாமியார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது எனக்குப் புரிந்தது. கொஞ்சம் நயமாகப் பேசியிருக்கலாம். அல்லது அந்தப் பொய்யையே சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு தாயின் கடைசி நேரத்தில் மகனை வீட்டைவிட்டு விரட்டியதுதான் நான் செய்த காரியம் என்று தோன்றியது.

உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். மூச்சின் இடைவெளி கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு தடவையும் நின்றேவிட்டது என்று நினைத்து நான் எட்டிப் பார்ப்பேன், மறுபடி ஒரு மூச்சு வரும். தெரேஸ் ஒரு ஸ்பூனில் தண்ணீர் கொண்டுவந்து உதட்டை நனைத்தாள். முஷ்டி மட்டும் தளரவில்லை. நான் ஜெபம் சொல்லவில்லை, வாயில் வரவில்லை. ஆண்டவரே, என் அவசரத்துக்கு இந்த அம்மாவைத் தண்டிக்காதே என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது மணி அடித்தது.

ஓர் அடி. மதிய மணி என்று நினைத்தேன். அடுத்த அடி வரவில்லை. முதல் அடியின் ரீங்காரம் முழுக்க அடங்கிய பிறகுதான் வந்தது. தெரேஸ் கையிலிருந்த ஸ்பூன் கீழே விழுந்தது.

தெருவில் கதவுகள் திறக்கிற சத்தம். "மதலேனம்மா போயிட்டாங்கப்பா!" என்று யாரோ கத்தினார்கள். காலையிலிருந்து எல்லாரும் இந்த வீட்டைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்! அடுத்த நிமிஷம் எதிர்வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டார்கள். கோடி வீட்டு மேரி எங்கிருந்து பிடித்தாளோ, கையில் ஒரு ரோஜா மாலையே வைத்திருந்தாள். "என்னப் பெத்த அம்மா" என்று ஒப்பாரியை ஆரம்பித்துக்கொண்டே அறைக்குள் வந்தவள், கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

மதலேனம்மா கண்ணைத் திறந்து அவளையும் மாலையையும் பார்த்தார்.

"நான் இன்னும் சாவலடி" என்றார். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டார். மூன்றாவது அடி விழுந்தது. "யாரு தவறிட்டாங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கே நிச்சயமாகத் தெரியாது. ஊரில் வேறு யாராவது இறந்திருக்கலாம். அப்படி இருந்தால் நான் என்ன சொல்வேன்? வாசலில் பைக் வந்து நின்றது. மேரியின் புருஷன், கோயில்வரை போய்க் கேட்டுவிட்டு வந்தவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கூடத்திலிருந்தே சத்தம் போட்டுச் சொன்னார்:

"ஏய், அழாதீங்க, பெரியம்மாவுக்கு இல்ல! ஜெரார் அண்ணன் மணிக்கயித்துப் பக்கத்துல நிக்கிறாரு. கேக்கறவங்களுக்கெல்லாம் 'எந்தம்பி அந்துவானுக்கு, எந்தம்பி அந்துவானுக்கு'ன்னு சொல்றாரு. அழுதுக்கிட்டே சொல்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல."

மேரி மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலின் கால்மாட்டில் வைத்தாள். கேள்வி கேட்க வாயெடுத்தவளைப் பக்கத்தில் இருந்த, தெருவுக்குப் பழைய ஆளான கிழவி ஒருத்தி கையைப் பிடித்து அடக்கினாள். அவளுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. அவள்தான் முதலில் அழ ஆரம்பித்தாள், அந்துவான் பேரைச் சொல்லி. பிறகு மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

சாமியார் சிமிழோடு அறை வாசலுக்கு வந்தார். மதலேனம்மா அவரைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை.

"நில்லுங்க சாமி" என்றார். "என் புள்ளைக்கு அடிக்கிறாங்க. அது முடியட்டும்."

சாமியார் அங்கேயே நின்றார். நாங்களும் நின்றோம். மணி தன் பாட்டுக்கு நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது, அந்த அம்மா ஒவ்வோர் அடியையும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி அடி அடங்கியது. இன்னொன்று வருமோ என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். வரவில்லை என்று தெரிந்ததும், போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க வைத்தார்.